ஐஸ் பெட்டியில் சுடுதண்ணீர்

போன வருடம் வைகாசி மாதம், கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் இருக்கும் மாமா வீட்டு முற்றத்தில் நடந்தது இது. பிற்பகல் வெயில். நிழலில் சும்மா நின்றாலே உடுப்பு நனைகிற நேரம். நானோ மாமாவின் மீன் ஏற்றும் ஐஸ் பெட்டிக்குள், கழுத்துவரை சுடுதண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். என்னதான் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தாலும் போகாத சூரை மீன் வாடையைப் பிடித்துக்கொண்டு வந்த பூனைகள், உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னகா, புள்ளைய அவிக்கிறீங்களா?" என்று மாமாவிடம் கேட்டார். "ஓம், இன்னும் உப்புப் போடல்ல" என்றார் மாமா, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபடி.

சிரிக்காமல் கேளுங்கள். நான் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தது மலை ஏறுவதற்காக.

அதற்கு முந்தைய வருடம் நுவரெலியாவில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டப்போட்டி ஒன்றுக்குப் போயிருந்தேன். எங்கள் மாவட்டத்தில் நான் ஓடினால் எனக்கு முன்னால் ஓட ஆள் குறைவு. அந்தத் திமிரோடுதான் போனேன். ஆரம்பத்திலிருந்தே முன்னுக்குப் பாய்ந்தேன். பாதித் தூரம்கூட வரவில்லை, மூச்சை இழுக்கிறேன், உள்ளே ஒன்றும் வராதது போல இருந்தது. கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன. ஒரு லீக்ஸ் தோட்டத்தின் ஓரமாக உட்கார்ந்தவள் எழும்பவேயில்லை. கடைசியில் போட்டிக்காரர்களின் வான் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே ஒரு எண்ணம்தான். அடுத்த வருடம் இதே பாதையை நிற்காமல் ஓடி முடிக்க வேண்டும். வெல்ல வேண்டும் என்றுகூட இல்லை. நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு எதையும் அரைகுறையாகத் தெரிந்துவைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. உயிரியல் பட்டம் முடித்து, வேலை வரும் வரைக்கும் செங்கலடியில் ரியூஷன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். உயரத்தில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். மேலே போகப்போகக் காற்று ஐதாகிறது. ஒரு மூச்சில் உள்ளே வரும் ஒட்சிசன் குறைகிறது. சில கிழமைகள், வாரக்கணக்கில், அங்கேயே தங்கினால் உடம்பு அதைப் புரிந்துகொண்டு, ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்களைக் கூடுதலாக உண்டாக்கும். அதனால்தான் பெரிய ஓட்டக்காரர்கள் மலையில் போய்க் கிடந்து பயிற்சி எடுக்கிறார்கள். வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் வகுப்பை விட்டுவிட்டுக் கிழமைக்கணக்கில் மலையில் தங்க எனக்கு எப்படி முடியும்? எங்கள் ஊரில் ஏற்றம் வேண்டுமென்றால் கல்லடிப் பாலம்தான் இருக்கிறது. ஏறத் தொடங்கும்போதே முடிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் மிஸ்ஸைச் சந்தித்தேன். மட்டக்களப்பு டவுனில் பறங்கியர் குடும்பம் ஒன்றில் பிறந்து, வெளிநாட்டில் விளையாட்டு விஞ்ஞானம் படித்தவர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ஆய்வுக்காக ஊருக்கு வந்திருந்தார். நாங்கள் ஓடும் மைதானத்துக்கு ஒரு காலையில் வந்து, "மலை இல்லாத ஊர்ல மலைப் பயிற்சி செய்யலாமா எண்டு பாக்கிறன். ஆருக்கு விருப்பம்?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்க முதலே என் கை மேலே போய்விட்டது.

அவருடைய ஆய்வு இதுதான். வெக்கையில் உடம்பைத் தொடர்ந்து வைத்திருந்தால், முதலில் குருதியின் நீர்ப்பகுதி கூடுகிறது. குருதி கொஞ்சம் ஐதாகிறது. உடம்பு அதைச் சரிக்கட்டப் பார்த்து, ஐந்தாறு கிழமைகளில் செங்குழியங்களையும் கூட்டுகிறது. மலையில் போய் வாங்குவதில் ஒரு பங்கை வெக்கையில் வாங்கலாம். வெக்கைக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்! ஆனால் நடுவெயிலில் ஓடவிட்டால் ஆள் விழுந்துவிடும். அதனால் ஓடி முடித்த கையோடு சுடுதண்ணீருக்குள் அரை மணித்தியாலம் இருக்க வேண்டும்.

சுடுதண்ணீருக்குள் இருப்பதற்குத் தொட்டி வேண்டுமே. எங்கள் பகுதியில் யார் வீட்டில் இருக்கிறது குளியல் தொட்டி? பிளாஸ்ரிக் பீப்பாயில் உட்கார்ந்து பார்த்தோம். முழங்கால் நாடியில் முட்டியது. தண்ணீரும் சட்டென்று ஆறிப்போனது. நான்தான் மாமாவின் பழைய ஐஸ் பெட்டியைக் காட்டினேன். ஐஸ் உருகாமல் வைத்திருக்கிற சுவர், சூட்டையும் வெளியே விடாதுதானே? மிஸ் வெப்பமானியைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சூடு இறங்கவேயில்லை. அவர் துள்ளிக் குதித்ததைப் பார்த்து, "இதுக்குத்தான் வெளிநாட்டில படிச்சவங்களா?" என்று மாமா மாமியின் காதுக்குள் கேட்டார். அது எல்லோருக்கும் கேட்டது.

நெல் அவிக்கிற கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து அளவாக்குவது மாமாவின் வேலை. ஆய்வில் சேர்ந்த மற்றவர்களுக்கு வேறு வீடுகளில் பெட்டி வைத்தார்கள்; மாமா வீட்டுப் பெட்டிக்கு என்னோடு சேர்ந்தவள் வவுணதீவு மச்சாள். அப்பாவின் தங்கை மகள். என் வயதுதான். ஸ்கூட்டியில் வருவாள், என்னோடு ஓடுவாள், எனக்கு முதல் பெட்டிக்குள் இறங்குவாள், எழும்பித் தலை துவட்டியதும் பறந்துவிடுவாள். அவள் வீட்டில் வயல் வேலைக்கு ஆள் வரும் காலம் அது. பெட்டிக்குள்ளிருந்து தனியாக எழும்பக் கூடாது, திடீரென்று எழும்பினால் தலை சுற்றும், பக்கத்தில் கட்டாயம் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது மிஸ் போட்ட சட்டம். மாமி அதற்காகவே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, கரைவலைக்காரரைப் போல எங்களை இழுத்து எடுப்பார்.

தொடக்கத்தில் எடுத்த குருதிப் பரிசோதனையில் எங்கள் இருவருக்கும் இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்தது. இரும்பு இல்லாமல் உடம்பு எதை வைத்துச் செங்குழியம் செய்யும்? வைத்தியர் ஒருவரிடம் கேட்டு இரும்புக் குளிசை எழுதி வாங்கித் தந்தார் மிஸ். வெறும் வயிற்றில் போடச் சொன்னார். நாங்களும் ஒருநாளும் தவறாமல் போட்டோம்.

ஐந்தாறு கிழமை முடிந்தது. மறுபடி குருதி எடுத்தார்கள். முடிவு வந்த அன்று மிஸ் முற்றத்துக்கு வந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். மச்சாளுக்குச் செங்குழியம் நன்றாகக் கூடியிருந்தது. எனக்கு அசையவேயில்லை.

"திரும்பப் பாருங்க மிஸ். மாறிக் கீறி வந்திருக்கும்."

"ரெண்டு தரம் பாத்திட்டன். சில உடம்புக்கு ஏறாது. மலையில வச்சாலும் ஏறாத ஆக்கள் இருக்கிறாங்க."

அந்தச் சொல் என்னை எப்படிச் சுட்டது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள்கூடத் தவறாமல் பெட்டிக்குள் வெந்தவள் நான். மச்சாளோ இரண்டு மூன்று நாள் வராமல் விட்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் என்ன மச்சாள் செய்யட்டும், ஏறிட்டே" என்றாள். ஓங்கி ஒன்று போடலாம் போல இருந்தது.

"அப்ப சூட்டக் கூட்டுங்க. ஒரு மணித்தியாலம் இருக்கிறன்" என்றேன்.

"நீ என்ன, கணவாயா? கூடுதலா வேக வச்சா றப்பராகிப் போவாய்" என்றார் மிஸ். பிறகு கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு நான் வந்து இருந்து பாக்கிறன். நீங்க வழமையா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. எனக்காக ஒண்டையும் மாத்தாதீங்க."

மறுநாள் வந்தார். நான் ஓடி வந்ததைப் பார்த்தார். பெட்டிக்குள் இறங்கியதையும் தண்ணீரின் சூட்டையும் என் உடம்புச் சூட்டையும் பார்த்தார். எல்லாம் சரி. மச்சாள் போய்விட்டாள். மாமி என்னைப் பிடித்துத் தூக்கிக் கதிரையில் இருத்தி, துவாயைப் போர்த்திவிட்டு, வழமை போல ஒரு கையில் குளிசையும் மறு கையில் ஆவி பறக்கும் சாயத் தேத்தண்ணியும் கொண்டுவந்து நீட்டினார்.

"நில்லுங்க!" என்று மிஸ் போட்ட சத்தத்தில் பூனைகள் வேலிக்கு அங்கால் பாய்ந்தன. "குளிசைய எதோட குடுக்கிறீங்க?"

"தேத்தண்ணியோடதான். ஏன் மிஸ்?"

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். வெக்கைக்குள்ள இருந்து எழும்பின புள்ளைக்குப் பச்சத்தண்ணி குடுக்கேலுமா? சன்னியெல்லோ புடிக்கும்!"

மிஸ் அப்படியே கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்துவிட்டார். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்புக்குள் சேரவிடாது. நான் போட்ட குளிசைகளில் பெரும்பங்கு வந்த வழியே போயிருந்தது. மச்சாள் என்ன செய்தாள் என்று போன் எடுத்துக் கேட்டால், அவள் விடிய எழும்பித் தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டிருக்கிறாள். வயலுக்குப் போகிற வீட்டில் காலையில் அதுதான் முதலில் கரைப்பார்களாம். எலுமிச்சைப் புளி இரும்பைச் சேர்த்துக்கொள்ள உதவும். அவளுக்கு அது தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை.

எனக்குத் தெரியும். அதுதான் இதில் கொடுமை. செங்கலடி வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு இதே பாடத்தைப் பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டுப் படிப்பித்தவள் நான். பின்னேரம் மாமி நீட்டினால் கை வாங்குகிறது, வாய் குடிக்கிறது. வகுப்பில் எழுதிய கைதான் இந்தக் கை என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மாமிக்கு முகம் வாடிப்போனது. "அப்ப நானா புள்ளட ரத்தத்தக் கெடுத்தன்?"

"இல்ல மாமி. வெறும் வயித்தில போடுங்க எண்டு மட்டும் சொன்னன். எதோட எண்டு சொல்லல்ல. நானும் இந்த ஊர்ல பிறந்தவள்தானே, சூட்டோட பச்சத்தண்ணி குடிக்க விடமாட்டாங்க எண்டு எனக்குத் தெரியாதா? என்ட அம்மாவும் விடமாட்டா. அது என்ட பிழை" என்றார் மிஸ்.

எனக்கு அந்த நேரத்தில் யாருடைய பிழை என்பது முக்கியமாகப் படவில்லை. போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் மனம் எண்ணியது. கேட்டேன். இன்றிலிருந்து சரியாகக் குளிசை போட்டாலும் போட்டிக்குள் குருதி ஏறாது என்றார். நேரம் போதாது.

"அடுத்த வருசம் போ மனே," என்றார் மாமா. "மலை எங்கயும் எழும்பிப் போகாது."

"இந்த வருசம்தான் போறன்."

"விழுந்தா?"

"விழாம ஓடுறன்."

மிஸ் வாளியிலிருந்து எழும்பினார். "போறதெண்டா போ. வெக்கையில இருந்ததும் முழுக்க வீண்போகல்ல, அதில கொஞ்சம் கைவசம் இருக்கு. ஆனா மட்டக்களப்பில ஓடுற மாதிரி அங்க ஓடினா போன வருசம் மாதிரித்தான் வந்து சேருவாய். உன்ட உடம்பு எவ்வளவு மூச்சுக்குத் தாங்குமோ, அந்த வேகத்துக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. ஏலுமா?"

ஏலும் என்றேன். எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் எனக்குத் தந்த பயிற்சி, என்னை மற்றவர்கள் முந்துவதற்கு விட்டுக்கொடுக்கிற பயிற்சி. கேட்டால் சின்ன விஷயம். கல்லடிக் கடற்கரை மணலில் நானும் மச்சாளும் ஓடுவோம். பேச்சு முறியாமல் ஒரு வசனம் சொல்லக்கூடிய மூச்சில்தான் நான் ஓட வேண்டும். மச்சாள் என்னைக் கடந்து போவாள். போகும்போது சும்மா போகமாட்டாள். "என்ன மச்சாள், சிப்பி பொறுக்குறியா?" என்பாள். திரும்பி வந்து இன்னொருமுறை கடப்பாள். என் கால்கள் தாமாகவே துடிக்கும். சின்ன வயதிலிருந்து எனக்கு முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் அதைப் பிடிக்காமல் விட்டதில்லை. மிஸ் கரையில் நின்று, "வசனம் சொல்லு! வசனம் சொல்லு!" என்று கத்துவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மச்சாளைத் திட்டி முழு வசனம் ஒன்று சொல்லுவேன். மூச்சு முறியவில்லை என்றால் வேகம் சரி. இப்படி அவளை நான் திட்டாத திட்டு இல்லை. எல்லாம் விஞ்ஞானத்துக்காக.

வீட்டில் மாமிதான் என்னைவிடப் பிடிவாதமாக இருந்தார். குளிசை போட்டு இரண்டு மணித்தியாலம் ஆகும்வரை தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைக்க யாரையும் விடவில்லை. கடலுக்குப் போய்வந்த மாமா ஒரு தேத்தண்ணிக்காகக் கெஞ்சியதை நான் கண்ணால் பார்த்தேன்.

போட்டி நாள் காலை நுவரெலியாவில் மூடுபனி. கையும் காலும் விறைத்தன. வெடி போட்டதும் எல்லோரும் பாய்ந்தார்கள். நான் பாயவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஆறேழு பேர்தான். பாதையோரம் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிங்களத்திலும் தமிழிலும் கெதியாய் ஓடச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு குரல், "அக்கா, தூக்கம் கலயலயா?" என்றது. என்னோடு ஓட வந்த மச்சாளின் சிவப்புச் சட்டை ஏற்றத்தில் திரும்பி மறைந்தது. அந்த முதுகைப் பிடிக்கச் சொல்லி உடம்பு முழுக்க ஒரே கூச்சல். நான் வாய்க்குள் வசனம் சொல்லிக்கொண்டு ஓடினேன். பனிக்குள் தனியாகப் பேசிக்கொண்டு ஓடுகிற என்னைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அந்த லீக்ஸ் தோட்டம் வந்தது. நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. அதைத் தாண்டி ஓர் இறக்கம், பிறகு இன்னும் பெரிய ஏற்றம். அதற்குள் முன்னால் பாய்ந்த சிலர் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள். முந்தைய வருடத்து நான். "மெதுவா, மெதுவா வாங்க" என்று சொல்லிக்கொண்டே கடந்தேன். வசனம் முறியவில்லை.

கடைசி ஏற்றம் என்னை லேசில் விடவில்லை. இனி வசனமும் வரவில்லை, ஒரு சொல்தான் வந்தது, அதுவும் பாதிச் சொல். நெஞ்சு எரிந்தது. கண்ணோரம் கறுத்து வந்தது. நில் என்று கேட்டது உடம்பு. பொய்யாகக் கேட்கவில்லை, அதற்கு உண்மையிலேயே இயலவில்லை. ஓட்டத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். நடப்பவர்கள்கூட என்னைவிட வேகமாகப் போயிருக்கலாம். ஆனால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படாமல் பார்த்துக்கொண்டேன். அது ஓட்டம்தான். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முடிவுக் கோட்டைத் தாண்டியபோது என்னை யாரும் பார்க்கவில்லை. பரிசு வழங்கும் இடத்தில் கூட்டம். ஏறக்குறைய நடுவில் வந்திருந்தேன். மச்சாள் நன்றாக முன்னுக்கு வந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். "எங்க மச்சாள், இடையில தேத்தண்ணி குடிச்சிட்டா வாறாய்?" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததும் அவள்தான். எனக்கு அழ மூச்சு இருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மிஸ் தன் ஆய்வை எங்கள் மாவட்டத்துப் பயிற்றுநர்களுக்கு விளக்கினார். திரையில் ஒரு வரைபடம். ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. ஏறக்குறைய எல்லாம் மேலே ஏறியிருக்க, ஒன்று மட்டும் கீழே கிடந்தது. அதை எடுத்துவிட்டால் படம் அழகாக இருக்கும் என்று என் பக்கத்தில் இருந்த ஒருவர் முணுமுணுத்தார். மிஸ் அந்தப் புள்ளியைக் காட்டி, தான் என்ன சொல்லாமல் விட்டார், அதனால் என்ன நடந்தது என்று தேத்தண்ணிக் கதை முழுவதையும் சொன்னார். சபை சிரித்தது. "இந்தப் புள்ளி பிறகு மலையில நிக்காம ஓடி முடிச்சது. அதுக்கு என்னட்ட வரைபடம் இல்ல" என்று அவர் சொன்னபோது சிரிப்பு நின்றது. நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

இப்போது எனக்குக் குருதி ஏறியிருக்கிறது. இந்த வருடமும் போகிறேன். இந்த முறை மச்சாளின் முதுகை விடுவதாக இல்லை. மனம் வைத்தால் உடம்பு எதையும் செய்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், இரும்பு இல்லாத குருதிக்கு எந்த மனமும் இரும்பு ஊற்ற முடியாது. ஆனால் இருக்கிற குருதியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை ஓடிப் பார்க்காமல் யாரும், நானேகூட, எனக்குச் சொல்லிவிட முடியாது என்பது மட்டும் அந்தக் கடைசி ஏற்றத்திலிருந்து என்னோடு இறங்கி வந்து, இன்றைக்கும் என் கூடவே இருக்கிறது.